வீரத்துக்கு மதிப்பெண் போடுகிறவர்களுக்கு

பேச்சுப்போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் ஆசிரியர்களுக்கும், தலைப்பு எழுதிக் கொடுக்கும் விழாக் குழுவினருக்கும், முன்வரிசை மேசையில் அமர்ந்து மதிப்பெண் போடும் நடுவர்களுக்கும்,



சுதந்திர தினத்தில் தொடங்கிக் குழந்தைகள் தினம் முடியும்வரை நமக்கு ஓய்வில்லாத காலம். ஏதாவது ஒரு தலைவரின் பிறந்த நாள் அல்லது நினைவு நாள் வந்துகொண்டே இருக்கும். ஒலிபெருக்கி கட்டுவார்கள், தலைப்பு ஒட்டுவார்கள், பிள்ளைகள் தொண்டை கட்டும்வரை ஒத்திகை பார்ப்பார்கள். நானும் அந்த மேசையில் உட்காருகிறவன்தான். ஆகவே இந்த மடலை நமக்குள் பேசிக்கொள்கிற பேச்சாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்க வந்தேன். ஒரு மனிதரை நாம் எதற்காக வீரர் என்று சொல்கிறோம்? நாம் போடும் மதிப்பெண்ணைப் பார்த்தால், அவர் பட்ட துன்பத்துக்காக என்றுதான் பிள்ளைகளுக்குத் தோன்றும். அது சரியில்லை என்பது என் வாதம். துன்பம் அவருக்குப் பிறர் செய்தது. அவர் செய்தது வேறு. அந்த வேறு காரியத்தை நம் மேடைகளில் யாரும் சொல்வதே இல்லை.

வ.உ.சிதம்பரம் பிள்ளையையே எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் மட்டுமல்ல, 1872இல் ஒட்டப்பிடாரத்தில் அவர் பிறந்த நாளும் அதுதான். அவரைப் பற்றிய பேச்சு எப்படிப் போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் நிமிடத்தில் ஊர், அப்பா உலகநாதப் பிள்ளை, அம்மா பரமாயி. இரண்டாம் நிமிடத்தில் கப்பல் வந்து நிற்கும். எங்கிருந்து வந்தது, யார் காசில் வந்தது, கடைசியில் எங்கே போனது என்ற பேச்சு இருக்காது. மூன்றாம் நிமிடத்தில் கோவைச் சிறை. பிள்ளை குரலைத் தாழ்த்தும், கை இரண்டையும் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து செக்கின் தடியைப் பிடித்துத் தள்ளுவதுபோல் நடிக்கும், கண் கலங்கும். முன்வரிசையில் யாராவது மூக்கை உறிஞ்சுவார்கள். நான்காம் நிமிடம் முடிவதற்குள் ‘செக்கிழுத்த செம்மல் வாழ்க’. மணி. கைதட்டல்.

பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். 1961இல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் சிவாஜி கணேசன் செய்துகாட்டியதை மூன்று தலைமுறையாகப் பிள்ளைகள் பார்த்து வருகிறார்கள். அந்தப் படம் இல்லையென்றால் வ.உ.சி.யின் முகமே பல வீடுகளுக்குத் தெரிந்திருக்காது. படம் தன் வேலையைச் செய்துவிட்டது. நம் வேலை பாக்கி இருக்கிறது.

சிறையில் அவர் இழுத்த செக்கு இன்றைக்கும் கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது, போனால் பார்க்கலாம். அதைப் பார்த்தால் ஒரு அரசாங்கம் ஒரு கைதியை என்ன செய்யத் துணிந்தது என்பது தெரியும். அந்தக் கைதி யார், எதற்காக உள்ளே வந்தார் என்பது தெரியாது. செக்கு சிறை நிர்வாகத்தின் காரியம். வ.உ.சி.யின் காரியத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும், கோரல் மில் வாசலுக்கும், திருநெல்வேலி கலெக்டர் முன்னிலைக்கும் போக வேண்டும்.

முதலில் துறைமுகம். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகும் கடல்வழியில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி வைத்ததுதான் சட்டம் என்று இருந்த காலம். நல்ல வருமானமுள்ள வக்கீல் ஒருவர் அதை எதிர்த்து மேடையேறிப் பேசியிருக்கலாம், பத்திரிகைக்கு எழுதியிருக்கலாம். அதற்கே பெயர் கிடைத்திருக்கும். வ.உ.சி. கம்பெனி தொடங்கினார். 1906 அக்டோபர் 16 அன்று சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவாகிறது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நடத்திய பாண்டித்துரைத் தேவர் கம்பெனியின் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் மட்டும் 8,000 பங்குகளை எடுக்கிறார், அதாவது 2 லட்சம் ரூபாய்.

பங்கு விற்பது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். முன்பின் தெரியாதவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, உங்கள் காசை என்னிடம் கொடுங்கள், நாம் கப்பல் விடலாம் என்று சொல்ல வேண்டும். கடலையே பார்க்காதவரிடமும் சொல்ல வேண்டும். அவர் நூறு கேள்வி கேட்பார். நட்டம் வந்தால் யார் பொறுப்பு? வெள்ளைக்காரன் சும்மா விடுவானா? அதற்கெல்லாம் பதில் சொல்லி, காசை வாங்கி, ரசீது கொடுத்து, கணக்கு எழுதி, அடுத்த ஊருக்குப் போக வேண்டும். முதலில் வாடகைக் கப்பல்தான் ஓட்டினார்கள். கப்பல் கொடுத்தவர்களை நெருக்கி ஒப்பந்தத்தை முறிக்க வைத்தது எதிர்க் கம்பெனி. கொழும்பிலிருந்து இன்னொன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். சொந்தக் கப்பல் இல்லாமல் இந்தத் தொழில் நிற்காது என்று தெரிந்தபின் வ.உ.சி. வடக்கே போய்ப் பங்கு திரட்டினார். 1907இல் எஸ்.எஸ். காலியோ, எஸ்.எஸ். லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன.

பிறகு கட்டணச் சண்டை. வெள்ளைக் கம்பெனி ஆளுக்கு ஒரு ரூபாய் என்று இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. காசே வேண்டாம், சும்மா ஏறுங்கள், குடையும் தருகிறோம் என்று சொல்கிற அளவுக்குப் போனார்கள் எதிர்த்தரப்பினர். அந்த நாட்களில் தூத்துக்குடியில் மூட்டையோடு நின்ற ஒவ்வொரு பயணியும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் இலவசக் கப்பல் நிற்கிறது. இந்தப் பக்கம் காசு கொடுத்து ஏற வேண்டிய கப்பல். நம் பிள்ளைகளின் பேச்சில் ‘கப்பலோட்டினார்’ என்று ஒரே வார்த்தையில் முடிந்துபோகிற காரியத்துக்குள் இத்தனை பேரும் இத்தனை நாளும் இருக்கிறார்கள்.

இரண்டாவது, மில் வாசல். 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்குகிறார்கள். கூலி போதாது, வேலைநேரத்துக்கு அளவில்லை, வார விடுமுறை இல்லை. வ.உ.சி.யும் அவருடைய தோழர் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். நாள்தோறும் கூட்டம். வேலையை விட்டு நின்றவர்களுக்குச் சோற்றுக்கு வழி செய்ய வேண்டும், ஊராரிடம் கையேந்த வேண்டும். பத்து நாள் ஆவதற்குள் மில் நிர்வாகம் இறங்கி வந்தது.

இங்கேதான் எனக்குப் பிடித்த சிக்கல் வருகிறது. மேடையில் இதை யாரும் தொடுவதில்லை. கப்பல் கம்பெனியில் பணம் போட்டவர்கள் வியாபாரத்துக்காகவும் போட்டிருந்தார்கள். கம்பெனி வேறு, அரசியல் வேறு என்று இயக்குநர்களிலேயே சிலர் நினைத்தார்கள். அரசாங்கத்தைச் சீண்டினால் கப்பலுக்கு ஆபத்து என்ற அவர்கள் பயம் கோழைத்தனமும் அல்ல, பின்னால் நடந்ததைப் பார்த்தால் வீண் பயமும் அல்ல. ஒரு பக்கம் தன்னை நம்பிக் காசு கொடுத்த பங்குதாரர்கள். இன்னொரு பக்கம் கூலி கேட்டு வீதியில் நிற்கும் மில் தொழிலாளர்கள். இருவருக்கும் அவர் கடன்பட்டவர். அவர் மில் வாசலுக்குப் போனார். சரியா, தவறா? ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதில் ஒரு கருத்து இருக்கும். நாம்தான் கேட்பதில்லை.

மூன்றாவது, கலெக்டர். தேசியத் தலைவர் விபின் சந்திர பால் 1908 மார்ச் 9இல் சிறையிலிருந்து விடுதலையானதைத் திருநெல்வேலிச் சீமையில் கொண்டாடினார்கள். அதை அரசாங்கம் பொறுக்கவில்லை. கலெக்டர் விஞ்ச் வ.உ.சி.யைக் கூப்பிட்டனுப்பி நிபந்தனை வைத்தார். ஊரை விட்டுப் போய்விடு, அரசியலில் இறங்க மாட்டேன் என்று உறுதி கொடு. சம்மதித்திருந்தால் வக்கீல் தொழில் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, கம்பெனியைக்கூட ஏதோ ஒரு வகையில் காப்பாற்றியிருக்கலாம். வெளியே போகக் கதவு திறந்துதான் இருந்தது. அவர் மறுத்தார். மார்ச் 12 அன்று கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். அந்த நால்வரைப் பற்றி ஒரு மேடையிலும் ஒரு வரியும் நான் கேட்டதில்லை.

என்னைக் கேட்டால், அவருடைய வாழ்க்கையின் உச்சம் கோவைச் சிறையில் இல்லை, கலெக்டர் முன்னால் அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது என்பேன். செக்கு முன்னால் அவருக்கு வேறு வழி இல்லை. கலெக்டர் முன்னால் வழி இருந்தது. விலை என்ன என்று தெரிந்து, தப்பிக்க வழி இருந்தும், நிற்பது என்று எடுக்கிற முடிவுதான் வீரம். தண்டனையின் அளவு அந்த முடிவின் விலையைக் காட்டுகிறது, அவ்வளவுதான். 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். ராஜத்துரோகத்துக்கு 20 ஆண்டு, சிவாவுக்குத் துணை நின்றதற்கு இன்னொரு 20 ஆண்டு. மேல்முறையீட்டில் அது 6 ஆண்டாகக் குறைந்தது. சரி, முதலிலேயே 6 ஆண்டு என்று தீர்ப்பு வந்திருந்தால் அவர் வீரத்தில் ஏதாவது குறைந்திருக்குமா?

இதே அளவுகோலை வேறொருவர் மேல் வைத்துப் பார்ப்போம். தில்லையாடி வள்ளியம்மை. நம் பிள்ளைகள் பேச்சில் அவர் எப்போதும் ‘பதினாறு வயதில் உயிர்நீத்த’ சிறுமி. வயதைச் சொன்னதும் அவையில் ‘அடடா’ என்று ஒரு சத்தம் எழும், அதோடு சரி. தென்னாப்பிரிக்காவில் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் மேல் மூன்று பவுன் தலைவரி இருந்தது. 1913இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணங்களைச் செல்லாதவை ஆக்கியது. ஒரே நாளில் நம் பெண்கள் மனைவி என்ற நிலையை இழந்தார்கள். டிரான்ஸ்வாலிலிருந்து தமிழ்ப் பெண்கள் எல்லையைக் கடந்து நேட்டாலுக்குப் போய், நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களிடம் வேலையை நிறுத்துங்கள் என்று பேசினார்கள். அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை. உள்ளே காய்ச்சல் கண்டது. முன்கூட்டியே விடுதலை செய்கிறோம் என்றபோது மறுத்தார். வெளியே வந்து சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்துபோனார். சிறைக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்டபோது, மறுபடியும் போகத் தயார் என்று சொன்னவர் அந்தப் பெண். காய்ச்சல் யாருக்கும் வரும். கதவைத் திறந்துவிட்டபோதும் போகமாட்டேன் என்றது அவர் முடிவு. பேச வேண்டியது அதைப் பற்றி.

கட்டபொம்மனுக்கும் இதே கதிதான். மீசை ஒட்டி, அட்டை வாள் செருகி, 1959ஆம் வருடத்துப் படத்தின் வசனத்தைப் பிள்ளை முழங்கும்போது வரலாறு என்று நாம் தலையாட்டுகிறோம். கலெக்டர் ஜாக்சன் அவரைச் சந்திப்பதாகச் சொல்லி ஊர் ஊராக அலையவிட்டதும், 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் நடந்த கைகலப்புக்குப் பிறகு கட்டபொம்மன் சென்னை அரசாங்கத்துக்கு முறையிட்டதும், விசாரணை நடந்து ஜாக்சன் மாற்றப்பட்டதும் வசனத்துக்கு உதவாத விஷயங்கள். முறையீடு எழுதியவர் என்று சொன்னால் வீரம் குறைந்துவிடும் என்று பயப்படுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேசிப் பார்த்து, எழுதிப் பார்த்து, எல்லா வழியும் அடைபட்டபின் வாள் எடுத்தவர் முதல் காட்சியிலேயே வாள் உருவியவரைவிடப் பெரியவர். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டது அந்தப் பின்னணியோடுதான் கனக்கிறது.

நம்மிடம் இதற்கு ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது, அதைத்தான் மறந்துவிட்டோம். நடுகல். செங்கம் பக்கமும் தருமபுரிப் பக்கமும் சண்டையில் இறந்துபட்டவர்களுக்கு ஊரார் நட்ட கற்கள் வயல் வரப்புகளில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த கல் தமிழ்ப் பிராமி எழுத்துக் காலத்தது. பல்லவர் காலத்துக் கற்களில் என்ன எழுதியிருக்கிறது? எந்த மன்னனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், பெயர் என்ன, எந்த ஊர் மாட்டை யார் கவர்ந்தார்கள், இவன் என்ன செய்தான், பட்டான். முடிந்தது. அடைமொழி தேடினாலும் கிடைக்காது. எப்படித் துடித்தான், எவ்வளவு ரத்தம் சிந்தினான் என்று ஒரு சொல் இல்லை. எடுத்தனூர்க் கல்லில் கள்வரோடு சண்டையிட்ட நாயைக்கூட உருவமாகச் செதுக்கி, அதன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். உடன் நின்றது நாயாக இருந்தாலும் பதிவு செய்ய வேண்டும் என்ற நியாயம் அந்த ஊராருக்கு இருந்தது. யார், யாருக்காக, என்ன செய்தார், யார் உடனிருந்தார். இந்த நான்கு கேள்விக்கும் பதில் சொல்லாத பேச்சுக்கு நாம் முதல் பரிசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதைத் தென்மாவட்டத்து ஆசிரியர்களிடம் விளக்க வேண்டியதில்லை. செயலை எடுத்துவிட்டுப் பெயரையும் படத்தையும் மட்டும் பிள்ளை கையில் கொடுத்தால், அந்தப் படத்தைப் பேனரில் போட்டு ‘எங்கள் ஆள்’ என்று சொல்ல நாளைக்கே நாலு பேர் வருவார்கள். பிள்ளையின் மணிக்கட்டில் கட்டும் சாதிக் கயிற்றின் நிறமும் மாறும். அதற்கு மறுப்பு சொல்ல நாம் தனியாக நல்லிணக்கப் பாடம் நடத்த வேண்டியதில்லை. சுதேசிக் கப்பல் கம்பெனியின் கதையை அப்படியே சொன்னால் போதும். தலைவர் ஒரு தேவர், பெரும் பங்கு எடுத்தவர் ஒரு சேட், உடன் சிறை போனவர் சுப்பிரமணிய சிவா, வேலையை நிறுத்தி நின்றவர்கள் கோரல் மில்லின் பெயர் தெரியாத ஆண்களும் பெண்களும். இத்தனை பேர் இல்லாமல் அந்தக் கப்பல் நகர்ந்திருக்காது. விவரம் போய்விட்டால் மிஞ்சுவது பெயருக்குப் பின்னால் உள்ள சாதி மட்டும்தான்.

தோல்வியையும் நாம் சொல்வதில்லை. வ.உ.சி. சிறைக்குள் இருந்தபோதே கம்பெனி நொடித்து 1911இல் கலைந்தது. கப்பலில் ஒன்று எந்தக் கம்பெனியை எதிர்த்து வாங்கினார்களோ அந்தக் கம்பெனியின் கைக்கே போனது. 1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தபோது வரவேற்கக் கூட்டம் இல்லை. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. அதற்குப் பிறகு அவர் 24 வருடம் உயிரோடு இருந்தார். நம் பேச்சுகளில் அந்த 24 வருடத்துக்கு ஒரு வாக்கியம் கிடைத்தால் அதிகம். ‘வறுமையில் வாடினார்.’

அந்த வருடங்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று காசு திரட்டிக் காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். 1915இலிருந்து அதைப் பற்றி இருவருக்கும் கடிதங்கள் போய்வந்தன. பணம் கைக்கு வர மாதக்கணக்கானது. தொகை 347 ரூபாய் 12 அணா. வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி இதையே ஒரு புத்தகமாக எழுதியிருக்கிறார். 10 லட்சம் ரூபாய் மூலதனத்தில் கம்பெனி நடத்திய மனிதர், தனக்கு வர வேண்டிய 347 ரூபாயைப் பற்றி மரியாதை குறையாமல், வெட்கப்படாமல், விடாமல் கேட்டு எழுதுகிறார். தேவை இருக்கும்போது தேவை இருக்கிறது என்று சொல்வதற்கும் ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

அதே வறுமையில்தான் அவர் 1917இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார், பிறகு தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையை. சிறையிலேயே ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கத் தொடங்கியிருந்தார், மெய்யறம் என்ற நூலை எழுதினார். சன்னது திரும்பக் கிடைக்கக் காரணமாக இருந்தவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. நன்றி மறக்காமல் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. வெள்ளையனை எதிர்த்துக் கப்பல் விட்டவர் வீட்டுப் பிள்ளைக்கு வெள்ளைக்கார நீதிபதியின் பெயர்! ஆட்சியை எதிர்த்தவர், நியாயம் செய்த ஒரு மனிதனை அந்த ஆட்சியோடு சேர்த்து எண்ணவில்லை. இதைப் பிள்ளை பேச்சில் எழுதிக்கொண்டு வந்தால் நம்மில் எத்தனை பேர் அந்த வரியை அடிக்காமல் விடுவோம்? ‘இது வேண்டாம்டா, குழப்பும்’ என்போம். குழப்பட்டுமே. 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் இறந்த அந்த மனிதரை, செக்கோடு முடிந்துபோன பொம்மையாக இல்லாமல், முழு ஆளாகப் பிள்ளைக்குத் தெரியட்டும்.

இதற்கு உங்கள் பதில் என்ன என்று எனக்குத் தெரியும். நாலு நிமிடத்தில் இவ்வளவும் எப்படிச் சொல்வது? பிள்ளைகளுக்குப் பங்கு, மூலதனம் எல்லாம் புரியுமா? அழுகை இல்லாமல் மேடை எடுபடுமா?

புரியும். சில வருடங்களுக்கு முன் ஒரு போட்டியில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பேசினாள். செக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேடைக்கு வந்ததும் அவையைப் பார்த்து, “உங்ககிட்ட இருபத்தஞ்சு ரூபா இருக்கு, அதுதான் வீட்ல இருக்கிற சேமிப்பு. ஒரு வக்கீல் வந்து கப்பல் வாங்கணும்னு கேக்கறார். குடுப்பீங்களா?” என்றாள். கூட்டத்தில் சலசலப்பு. பின்வரிசைப் பையன் ஒருவன் “குடுக்க மாட்டேன்” என்று கத்தினான். அவள் சிரிக்காமல், “குடுக்காதவங்களும் இருந்தாங்க. குடுத்தவங்களைப் பத்திப் பேச வந்திருக்கேன்” என்று தொடங்கினாள். நான் கேட்ட வ.உ.சி. பேச்சுகளில் அதைவிடச் சிறந்தது இல்லை. எங்கள் மூன்று பேர் மதிப்பெண்ணையும் கூட்டியபோது அவளுக்கு நான்காம் இடம். மதிப்பெண் தாளில் கருத்து, உச்சரிப்பு, குரல் ஏற்ற இறக்கம், மெய்ப்பாடு, நேரம் என்று ஐந்து கட்டம். மெய்ப்பாட்டில் மற்ற இருவரும் அவளுக்குப் பாதிகூடப் போடவில்லை. அழவில்லையாம். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, தாள் அப்படித்தான் கேட்டது.

பெரியவர்களை இப்படிப் பிரித்துப் பிரித்துப் பார்த்தால் மரியாதை குறையாதா என்றும் கேட்பீர்கள். துன்பத்தை மட்டும் சொன்னால் பிள்ளைக்குப் பரிதாபம் வரும். பரிதாபத்துக்கு ஆயுள் குறைவு, மேடையை விட்டு இறங்கினால் போய்விடும். முடிவைச் சொன்னால் ‘நானாக இருந்தால்?’ என்ற கேள்வி வரும், அது வீட்டுக்கும் கூடவே வரும். செக்கு இழுக்கும் நிலை இன்றைக்கு நம் பிள்ளைகளுக்கு வரப்போவதில்லை. கலெக்டர் முன்னால் வ.உ.சி. நின்ற நிலை தினமும் வரும். வகுப்பில் ஒருவனை எல்லோரும் சேர்ந்து ஒதுக்கும்போது, கண்ணெதிரே ஒரு பொய் நடக்கும்போது, வாயை மூடிக்கொண்டால் தனக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்த அந்த நேரத்தில் வரும். அப்போது உதவாத வீரர் கதையை எதற்காகச் சொல்லிக்கொடுக்கிறோம்?

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை.

விழாக் குழுவினருக்கு: ‘தியாகத் திருவுருவம்’, ‘செக்கிழுத்த செம்மல்’ என்று பதிலையே தலைப்பாகக் கொடுக்காதீர்கள். கேள்வியைத் தலைப்பாக்குங்கள். ‘நீங்கள் சுதேசிக் கப்பல் கம்பெனியின் பங்குதாரர். கோரல் மில் வேலைநிறுத்தத்தில் வ.உ.சி. இறங்கியதை ஆதரிப்பீர்களா?’ இந்த ஒரு தலைப்பில் பத்துப் பிள்ளைகள் பேசினால் பத்து விதமான பேச்சு வரும். ஒரே பேச்சைப் பத்து முறை கேட்கும் தண்டனையிலிருந்து நாமும் தப்பிப்போம்.

ஆசிரியர்களுக்கு: எழுதிக் கொடுக்கும் நாலு பக்கத்தில் அடைமொழிகளை எல்லாம் ஒருமுறை அடித்துவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். மிஞ்சியது அரைப் பக்கம் என்றால், மீதியைப் பிள்ளையையே தேடச் சொல்லுங்கள். நூலகத்தில் வ.உ.சி.யைப் பற்றிய புத்தகங்கள் இருக்கின்றன. மாறுவேடப் போட்டியில் சங்கிலியும் அட்டைச் செக்கும்தான் வேண்டுமா? கையில் ஒரு பங்குப் பத்திரம், தோளில் ஒரு வக்கீல் அங்கி, காலடியில் ஒரு பயணப்பெட்டி. வ.உ.சி. தயார். அவர் பக்கத்தில் பக்கீர் சேட்டாக ஒரு பிள்ளையும் மில் தொழிலாளியாக ஒரு பிள்ளையும் நிற்கட்டும், குழு மாறுவேடம் என்று ஒரு பிரிவு வைத்தால் போயிற்று.

நடுவர்களுக்கு: மெய்ப்பாட்டுக்குப் போடும் மதிப்பெண்ணில் பாதியை எடுத்து ‘செயல்’ என்று ஆறாவது கட்டம் போடச் சொல்லிக் கேளுங்கள். யார், யாருக்காக, என்ன செய்தார், யார் உடனிருந்தார். நான்கும் பேச்சில் இருந்தால் முழு மதிப்பெண். பேச்சு முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்கும் வழக்கத்தையும் கொண்டுவருவோம்: “அவர் அப்படிச் செய்யாமல் இருந்திருக்க முடியுமா?” மனப்பாடம் செய்த பிள்ளை விழிக்கும். யோசித்த பிள்ளைக்குக் கண் பளிச்சிடும். யாருக்குப் பரிசு என்று அப்போது நமக்கே தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் அரசாணை தேவையில்லை, நிதி ஒதுக்கீடு தேவையில்லை. அடுத்த போட்டிக்குத் தலைப்பு கேட்டு உங்களுக்குத் தொலைபேசி வரும்போது, பட்டப்பெயருக்குப் பதிலாக ஒரு கேள்வியைச் சொல்லுங்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டத்துப் பள்ளிகளாவது வ.உ.சி.யின் நினைவு நாளான நவம்பர் 18 அன்று தொடங்கிவைக்கலாம். அவர் கப்பல் விட்ட மண் அது, அந்த உரிமை உங்களுக்கு முதலில் உண்டு.

அன்புடன்,
உங்களோடு நடுவர் மேசையில் அமர்கிற ஒருவன்